வீட்டை விற்க ஏற்ற நேரம் எது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒருவர் வீட்டை விற்றார் என்றால் குடும்பம் நொடித்துவிட்டது என்று பொருள். இன்றைய சிங்கப்பூரில் அப்படியில்லை. பிள்ளைகள் வளரும்போது பெரிய வீடு, அவர்கள் மணமாகிப் போனபின் சின்ன வீடு என்று ஒரே குடும்பம் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை வீடு மாறுகிறது. எப்போது விற்பது என்ற கேள்வி பலருக்கும் என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும்.

காலம் நன்றாக இருந்தால் இந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்துவதில்லை. ஆட்குறைப்பு, வட்டி உயர்வு, எங்கோ ஒரு போர் என்று செய்தி வந்ததும்தான் மனம் குழம்புகிறது. "இப்போதே விற்றுவிடு" என்கிறார் ஒருவர். "பொறுத்திரு, இன்னும் ஏறும்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே சந்தையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் கணக்கை யாரும் பேசுவதில்லை.

நெருக்கடி வந்தால் விலை இறங்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் நடந்தது என்ன? 1996-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் தனியார் வீட்டு விலை உச்சத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1998 இறுதிக்குள் விலை ஏறக்குறைய 45 விழுக்காடு சரிந்தது. பழைய உச்சத்தைச் சந்தை மறுபடி தாண்டியது 2010-ல்தான். பதினான்கு ஆண்டு காத்திருப்பு!

2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தது. 2009 நடுப்பகுதிக்குள் தனியார் வீட்டு விலை சுமார் 25 விழுக்காடு இறங்கியது. ஆனால் அடுத்த ஓராண்டுக்குள் இழந்ததையெல்லாம் மீட்டுக்கொண்டது. 2020-ல் கொவிட்-19 வந்து ஊரே வீட்டுக்குள் முடங்கியபோது, விலை பாதாளத்துக்குப் போகும் என்று பலர் அஞ்சினார்கள். நடந்ததோ நேர்மாறு. கட்டுமானத் தளங்கள் நின்றதால் புதுவீடுகள் தாமதமாயின. வட்டியும் குறைவாக இருந்தது. வீவக மறுவிற்பனை விலை 2021-ல் 12.7 விழுக்காடும் 2022-ல் 10.4 விழுக்காடும் ஏறியது.

மூன்று நெருக்கடிகள், மூன்று விதமான முடிவுகள். நெருக்கடி இல்லாத காலத்திலும் விலை இறங்கியதுண்டு. 2013 நடுப்பகுதி முதல் 2019 வரை வீவக மறுவிற்பனை விலை மெல்ல மெல்லச் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. ஆகவே, நிலையற்ற காலம் என்பதை மட்டும் வைத்து விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்ய இயலாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? 1998-ல் பெரிதும் அடிபட்டவர்கள் யார் என்று கேட்டால் விடை கிடைக்கும். விலை சரிந்தும் அதே வீட்டில் குடியிருந்து கடனைக் கட்டி வந்தவர்களுக்கு இழப்பு காகிதத்தில்தான். விற்றே ஆகவேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கே உண்மையான இழப்பு. 1999 ஜனவரியில் முதலாளிகளின் மத்திய சேம நிதிச் சந்தா 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சந்தாவைக் கொண்டே மாதத் தவணையைச் சரிக்கட்டி வந்த குடும்பங்கள் மீதியைக் கைக்காசிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. வேலையும் போயிருந்தால் என்ன செய்வது? விலை இறங்கினாலும் கைவசம் அவகாசம் உள்ளவர் தாங்குவார். அவகாசம் இல்லாதவர்தான் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்.

எனவே குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒருவர் சம்பளம் நின்றுபோனால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும்? ஓராண்டுக்கு மேல் என்றால் பயந்து விற்க வேண்டியதில்லை. மூன்று மாதம்தான் என்றால், சந்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வீடு குடும்பத்தின் சக்திக்கு மீறியது. அப்படிப்பட்டவர்கள் நெருக்கடி வருமுன், நிதானமாக விற்பதே மேல். தவணை தவறத் தொடங்கியபின் விற்கலாம் என்று இருப்பது ஆபத்து. அதற்கு முன்பே வங்கியிடமோ வீவகவிடமோ பேசிவிட வேண்டும். 2020-ல் வீட்டுக்கடன் தவணையை அந்த ஆண்டு இறுதிவரை தள்ளிப்போட வங்கிகள் இடமளித்தன. கேட்டவர்களுக்கே அந்தச் சலுகை கிடைத்தது.

இரண்டாவது கேள்வி: விற்றபின் எங்கே குடியிருப்பது? இதை யோசிக்காமல் விலையை மட்டும் பார்ப்பவர்கள் அநேகர். நான்கறை வீட்டை 500,000 வெள்ளிக்கு விற்று, 650,000 வெள்ளிக்கு ஐந்தறை வீடு வாங்கும் குடும்பம் 150,000 வெள்ளி கூடுதலாகப் போடவேண்டும். இரண்டு வீடுகளும் பத்து விழுக்காடு விலை இறங்கினால்? விற்பது 450,000, வாங்குவது 585,000. இப்போது 135,000 வெள்ளி போதும். பெரிய வீட்டுக்குப் போகிறவருக்கு விலை இறக்கம் லாபம். சின்ன வீட்டுக்குப் போகிறவருக்கு விலை ஏற்றம் லாபம். அதே அளவு வீட்டுக்கு மாறுகிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உச்ச விலையில் விற்றுவிட்டேன் என்று மகிழ்கிறவர் உச்ச விலையில்தான் வாங்கவும் வேண்டும். விலை இறங்கட்டும் என்று வாடகை வீட்டில் காத்திருந்தால் வாடகை அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

மூன்றாவது கேள்வி: கைக்கு வருவது எவ்வளவு? 600,000 வெள்ளிக்கு வீடு விற்றால் 600,000 வெள்ளியும் கைக்கு வராது. வீட்டுக்கடன் பாக்கி 150,000 என்றால் அது முதலில் போகும். மசே நிதியிலிருந்து எடுத்த தொகையும், அது அங்கேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வட்டியும் சேர்ந்து 250,000 என்றால், அதுவும் மசே நிதிக்கே திரும்பும். மிஞ்சுவது 200,000. அதிலும் முகவர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் உண்டு. 2.5 விழுக்காடு கூட்டுவட்டியில் 100,000 வெள்ளி இருபது ஆண்டில் ஏறக்குறைய 164,000 ஆகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மசே நிதிக்குத் திரும்பும் பணம் தொலைந்த பணமல்ல. அடுத்த வீட்டுக்கோ முதுமைக்கோ அது உதவும். ஆனால் மகன் படிப்புக்கும் மகள் திருமணத்துக்கும் கைக்காசு வரும் என்று நம்பி விற்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

இந்தியக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 முதல் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு உண்டு. சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்க வருவோர் கூட்டம் சுருங்கிவிடும். பக்கத்து வீடு விற்ற விலை தமக்கும் கிடைக்கும், அதே வேகத்தில் கிடைக்கும் என்று நம்புவது இங்கேதான் பொய்த்துப்போகிறது. வரம்பின் நிலை மாதந்தோறும் மாறக்கூடியது. வீவக இணையத்தளத்தில் அதைப் பார்த்துவிட்டே விற்பனைத் திட்டத்தைத் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று மாத அவகாசம் போதுமென்றால், இவர்கள் அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்கிக்கொள்வது நல்லது. புது வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பழைய வீட்டை விற்க ஓடுவது இத்தகைய குடும்பங்களுக்கு உகந்ததன்று. அந்த ஓட்டத்தில் விலை குறையும்.

மூத்தோர் இன்னொரு கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். வீவக வீட்டின் குத்தகை 99 ஆண்டு. 1976-ல் தொடங்கிய குத்தகையில் 2026-ல் மிஞ்சுவது 49 ஆண்டு. 2019 மே மாதம் வந்த விதிப்படி, வாங்குபவர்களில் இளையவரின் 95 வயது வரை குத்தகை இருந்தால்தான் மசே நிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். அந்த வீட்டை 46 வயதுக்காரர் முழுமையாகப் பயன்படுத்தி வாங்கலாம்; 30 வயதுத் தம்பதிக்கு அது குறைந்துபோகும். ஆண்டுகள் செல்லச் செல்ல, வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறையும். ஆகவே பழைய வீட்டை வைத்துக்கொண்டு உச்ச விலைக்காகக் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

அதற்காக வயதானவர்கள் உடனே விற்றுவிட வேண்டும் என்பதில்லை. பழகிய அண்டை அயலார், நடந்துபோகும் தூரத்தில் மருந்தகம், கோயில், சந்தை ஆகியவற்றை எந்த விலைப்பட்டியலிலும் காண முடியாது. வீட்டைவிட்டுப் போகாமலே குத்தகையின் ஒரு பகுதியை வீவகவிடம் விற்று ஓய்வுக்கால வருமானம் பெறும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் அதையும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இந்தக் கணக்குகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது நல்லது. தவணை கட்டும் சக்தி, அடுத்த வீடு, கைக்கு வரும் தொகை ஆகிய மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் விலை உச்சத்தில் இல்லாவிட்டாலும் விற்கலாம். விடை இல்லையென்றால், சந்தை எவ்வளவு சூடாக இருந்தாலும் பொறுத்திருக்கலாம். சந்தையின் உச்சத்தை முன்கூட்டியே கண்டவர் எவரும் இல்லை. தம் குடும்பத்தின் நிலையை அறிவதோ எல்லாராலும் முடிகிற காரியம்.