கேத்தலும் காசல்ரீயும்



போன கூட்டத்தில் ஒரு அக்கா, "அணு மின்சாரம்னா குண்டு மாதிரிங்களாய்யா?" என்று கேட்டார். குண்டு இல்லைங்க. யுரேனியத்தின் அணு பிளக்கும்போது கடும் சூடு வரும். அதில் தண்ணீர் கொதித்து, ஆவி சக்கரத்தைச் சுற்றும். நம்ம கேத்தல் மூடி ஆடுதே, அந்த வேகந்தான். கூடங்குளத்தில் 2013 முதல் இப்படித்தான் கரண்ட் எடுக்கிறார்கள். புகை இல்லை, ஆனால் மிஞ்சும் கழிவின் ஆபத்து ஆயிரக்கணக்கான வருஷம் போகாது.

காசல்ரீ, மவுசாகலைத் தண்ணீருக்கு நெருப்பே வேண்டாம். விழுகிற வேகத்திலேயே சக்கரம் சுற்றுது. மழை திரும்ப நிரப்பும். 1996இல் மழை பொய்த்து, நாடெங்கும் மின்வெட்டு. நம்ம பல லயங்களில் அது தெரியவே இல்லை. வெட்டுவதற்குக் கரண்டே வந்திருக்கவில்லை! இப்போ பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் படிக்குதுகள். மலையிலிருந்து மண் கரைந்து போய்ப் படிந்தால், நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்க இடம் குறையும். கான் வெட்டும் மண்ணை ஓடையில் தள்ளாதீங்க. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவங்களும் வரம்பு கட்டுங்க.