ஓரெழுத்து யார்க்குரியது?

(செயங்கொண்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செயங்கொண்டத்துக்கு அணித்தே கங்கைகொண்ட சோழபுரம் நிற்கின்றது. அவ்வூர்ப் பெயர் விலைக்கு வாங்கப்பெற்றதன்று. இராசேந்திர சோழனின் வடபுல வெற்றியால் ஈட்டப்பெற்றது. இக்காலத்திலோ பெயர்களுக்கென்றே ஒரு சந்தை எழுந்துள்ளது. இணைய முகவரிப் பெயர்களே அச்சந்தையின் சரக்கு. பெயர் குறுகக் குறுக விலை பெருகும். நெடும்பெயர்கள் எண்ணிறந்தன, ஓர் ஈற்றின்கீழ் ஆங்கில ஓரெழுத்துப் பெயர்களோ இருபத்தாறே. ஒருவர் கொண்டபின் உலகில் வேறெவர்க்கும் அப்பெயர் இல்லை.

முந்தி வந்தவர்க்கே பெயர் என்பது தொடக்கக் கால முறை. முந்தியவர் யாவர்? கணிப்பொறியும் ஆங்கிலமும் முதலிற் கைவரப் பெற்றோரே. ஆதலின் அதுவும் முழு நேர்மையன்று. 1993-இல், பெயர்ப் பதிவை மேற்பார்த்த சான் போசுட்டல் என்னும் அமெரிக்க அறிஞர், 'காம்' முதலிய ஈறுகளின்கீழ் எஞ்சிநின்ற ஓரெழுத்துப் பெயர்களை எவர்க்கும் வழங்காது ஒதுக்கிவைத்தார்.

பின்னர் வந்தது ஏலம். 2012-இல் உலக இணையப் பெயர்களை ஒழுங்கு செய்யும் ஐக்கான் அமைப்பு, புதிய ஈறுகளுக்கு விண்ணப்பம் கோரியது. ஒன்றுக்குக் கட்டணம் 1,85,000 அமெரிக்கத் தாலர். வந்தவை 1,930 விண்ணப்பங்கள். ஒரே ஈற்றைப் பலர் வேண்டித் தமக்குள் உடன்பாடு காணாதவிடத்து ஏலம் நிகழும். சுற்றுதோறும் விலை ஏறும், ஒவ்வொருவராய் விலகுவர், இறுதியில் நிற்பவர், தமக்கு அடுத்தவர் விலகிய விலையைக் கட்டுவார். இம்முறையில் 'வெப்' என்னும் சிறுபெயர் 2016 சூலையில் 13 கோடியே 50 இலட்சம் தாலருக்குப் போயிற்று.

ஐக்கான் நடத்தியது பொது ஏலம். அதற்கு முன்னரே போட்டியாளர்கள் தனி ஏலமும் நடத்திக்கொண்டனர். அதில் வென்றவர் கட்டும் பணம் தோற்றவர்களுக்கே பங்கிடப்பெறும். இஃது எத்தகைய முறை என்பதை நம் சிற்றூர் உழவர் உடனே கண்டுகொள்வார். ஏரி மீன்பாசி ஏலத்துக்கு முன், புளியமரத்தடியில் சிலர் கூடி, "நீ விலகிக்கொள், உனக்கு இவ்வளவு" என்று பேசி முடிப்பதில்லையா? ஊர்ப் பொதுவுக்கு வரவேண்டிய பணம் விலகியோர் மடியில் விழுவதில்லையா? அன்றைய ஐக்கான் விதி இதனைத் தடுக்கவில்லை. 2026-ஆம் ஆண்டுச் சுற்றுக்கான விதிகளிலேதான் அது தடுக்கப்பெற்றது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. 'வெப்' ஏலத்தில் நின்றது நு டாட் கோ என்னும் நிறுவனம். ஏலம் முடிந்த பின்னரே, 'காம்' ஈற்றை நடத்தும் வெரிசைன் நிறுவனம் அதற்குப் பணம் தந்தமை வெளிப்பட்டது. விதி மீறப்பெற்றதா என்னும் வழக்காடல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. தீர்ப்பு எதுவாயினும் ஒன்று தெளிவு: கேட்பவர் முகம் தெரியாத ஏலத்தில் ஐயம் தீராது.

இதனால் தமிழுக்கு என்ன என்று கேட்பீர்கள். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் 'இலங்கை', 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்னும் ஈறுகள் தமிழெழுத்திலேயே இடம்பெற்றன. அவற்றின்கீழ்ச் சிறுபெயர்களுக்கு விலை பேசும் நாள் வந்தால் யாது செய்வது? ஆங்கிலத்தில் தனியெழுத்துகளுட் பெரும்பாலனவற்றுக்குப் பொருளில்லை. தமிழிலோ ஓரெழுத்தே சொல்லாகும். ஆ, ஈ, பூ, தீ, கோ, வா என நன்னூல் எண்ணும் ஓரெழுத்து ஒருமொழிகள் நாற்பத்திரண்டு. இவை எவருடைய கடைச்சரக்கும் அல்ல, ஓரினத்தின் பொதுச்சொத்து.

எண்ணுவதிலும் நேர்மை வேண்டும். 'பூ' நமக்கு ஓரெழுத்து. கணிப்பொறியின் ஒருங்குறியோ அதனைப் பகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டென வைத்துள்ளது. 'ஆ' என்பதை மட்டும் ஒன்றென்கின்றது. அவ்வெண்ணிக்கையால் விலை வகுத்தால் இலக்கணப் பிழையே விலைப்பிழையாகும்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எண்ணிப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பராந்தகன் காலத்தில், ஊர் வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தனர். முதலில் தகுதி வரையறை; கணக்குக் காட்டாதார் நீக்கம்; அதன்பின் அனைவர் முன்னிலையில் ஓலை எடுப்பு. பணம் அங்கே பேசவில்லை. விதி முன்னரே கல்லில் நின்றது.

அம்முறையை ஒட்டி, 'இந்தியா' என்னும் தமிழ் ஈற்றை நடத்தும் நிக்சி நிறுவனத்திடம் நான்கு கோரிக்கைகள் எழவேண்டும். நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளும் விற்பனைக்கு அப்பால் ஒதுக்கப்பெறல் வேண்டும். எழுத்தைத் தமிழிலக்கணப்படியே எண்ணல் வேண்டும். ஏலம் வைக்கும் பிற பெயர்களுக்குக் கேட்போரும், அவர்க்குப் பணம் தருவோரும் முன்னரே வெளிப்படல் வேண்டும். விலகுவதற்குக் கைக்கூலி தருவோரும் பெறுவோரும் நீக்கப்பெறல் வேண்டும்.

விற்றுப்போன பின் அழுவதில் பயனில்லை. விலை பேசுமுன் எழுந்து கேட்பதே கடன். தமிழின் ஓரெழுத்தும் தமிழர் அனைவர்க்கும் உரியது!