காளத்தி காட்டும் பாடம்



திருக்காளத்தி மலையில் சிவகோசரியார் ஆகம நெறிப்படி இறைவனைப் பூசித்து வந்தார். வேடராகிய திண்ணனாரோ வாயில் முகந்த நீரால் திருமஞ்சனமாட்டி, தம் தலையிற் செருகி வந்த மலரைச் சூட்டி, சுவைத்துத் தேர்ந்த இறைச்சியைப் படைத்தார். இறைச்சியைக் கண்ட சிவகோசரியார், இஃது அபசாரமென்று மனம் நொந்து முறையிட்டார்.

கனவில் தோன்றிய இறைவன் சிவகோசரியாரைத் தம் நெறியை விடுமாறு பணிக்கவில்லை; திண்ணனாருக்கு ஆகமம் கற்பிக்கவுமில்லை. மறைந்திருந்து காணுமாறு அருளினான். ஆறாம் நாள், குருதி வழிந்த இறைவன் கண்ணில் தம் கண்ணையே இடந்து அப்பிய பேரன்பைச் சிவகோசரியார் கண்டார். திண்ணனார் கண்ணப்பரானார்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் இதனை விரித்துரைக்கின்றார். சந்நிதியில் நம்மைப்போல் வணங்காதவரைக் கண்டு முகஞ்சுளிக்குமுன், அவர் நெஞ்சை நாம் அறிவோமா எனச் சற்றே எண்ணுதல் வேண்டும். நம் நெறியில் நாம் வழுவாது நிற்போம். பிறர் அன்பை அளக்கும் பொறுப்பை இறைவனிடமே விட்டுவிடுவோம்.

திருச்சிற்றம்பலம்.