அடியைத் தாங்குவது எது?

(வல்லக்கோட்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பக்கத்து ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் மோட்டார் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதுக் காரை வேண்டுமென்றே மோதவிட்டு நொறுக்கிப் பார்க்கும் கூடம் அங்கே உண்டு. உள்ளே மனிதனுக்குப் பதில் பொம்மை உட்கார்ந்திருக்கும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டப்படி, முன்பக்க மோதல் சோதனையில் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். அது எவ்வளவு பெரிய அடி? சுமார் 16 மீட்டர் உயரமுள்ள தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம்!

அந்த அடியிலிருந்து மனிதன் எப்படிப் பிழைக்கிறான்? செங்கல்லை எறிந்தால் சித்தாள் எப்படிப் பிடிக்கிறார், பாருங்கள். கையை விறைப்பாக நீட்டுவதில்லை. கல்லோடு சேர்த்துக் கையைப் பின்னுக்கு இழுக்கிறார். விஷயம் அவ்வளவுதான். 5 சென்டிமீட்டருக்குள் நிற்கும் உடம்பை 50 சென்டிமீட்டரில் நிற்க வைத்தால், அடி பத்தில் ஒரு பங்காகிறது.

பேலா பாரனி என்ற எஞ்சினீயர் 1950களின் தொடக்கத்தில் இதைக் காரில் புகுத்தினார். முன்பகுதி மடங்கி அடியை விழுங்க வேண்டும். ஆள் இருக்கும் கூடு மடங்கக் கூடாது. 1959-ல் நீல்ஸ் போலின் மூன்று முனை இடுப்புத் தோள் பட்டையைக் கொடுத்தார். உடம்பு மோதாமல் கூட்டோடு சேர்ந்து நிற்கிறது.

ஆனால் நம்மில் எத்தனை பேர் காரில் போகிறோம்? ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு மோட்டார் சைக்கிளில் போகிறோம். நமக்கு முன்பகுதியும் இல்லை, கூடும் இல்லை. தலைக்கவசம் ஒன்றுதான் உண்டு. அதன் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கித்தான் மூளையைக் காக்கிறது. ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழும்பாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் போடாதீர்கள். கழுத்துப் பட்டையை மாட்டாத கவசம் தலையில் நிற்காது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். கவசமின்றி மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர்!

நாற்று நடப் போகும் தாய்மார்கள் லோடு வண்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். கவிழ்ந்தால் பிடித்து நிறுத்த அதில் எதுவும் இல்லை. டிராக்டர் கவிழ்ந்தாலும் நசுங்குவது ஓட்டுகிறவன்தான். ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டருக்கு இரும்புக் கூடு கட்டாயமாக்கப்பட்டது. அதனால் சாவு வெகுவாகக் குறைந்தது.

ஆலைக்குள் என்ன நிலைமை? 2010-ல் ஸ்ரீபெரும்புதூரில் அப்போதிருந்த நோக்கியா ஆலையில் ஓர் இளம் தொழிலாளிப் பெண் யந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். பிரஸ் மிஷின் முன் கவசம் போதாது. கை உள்ளே போனால் யந்திரமே நிற்க வேண்டும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இயங்கும் பொத்தான், ஒளித் திரை, வேலி ஆகியவை இதற்காகத்தான். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமே வேலி கேட்டது. உற்பத்தி வேகத்துக்காக அதைக் கழற்றச் சொன்னால், "முடியாது" என்று சேர்ந்து சொல்லுங்கள்! தனியாகச் சொல்கிறவனை வெளியே அனுப்பலாம்; லைன் முழுவதும் சொன்னால் என்ன செய்வார்கள்?

நாம் கேட்பது சலுகையல்ல. வேலை முடிந்து வயலிலிருந்து வருகிறவருக்கு உட்கார்ந்து போக வண்டி; யந்திரத்துக்கு வேலி; ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே தரக் கவசம். பொம்மை உடையாமலிருக்க இத்தனை விஞ்ஞானம் செலவழிகிறது. அந்தக் காரைச் செய்யும் கைக்கும் அதில் பங்கு உண்டு, தோழர்களே!