ரக்பி ஆட்டத்திற்கு முந்தின நாள்



மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் என்றால் தோட்டத்தில் முதல்நாளே ஆட்டம் தொடங்கிவிடும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுமுன் ஒரு வாதம். பால் நிறுக்கும் இடத்தில் ஒரு வாதம். மாலையில் கடைத்தெருவில் இன்னொரு வாதம். கோல் காவலர் யார், யாருக்குக் கால் வலி, மழை பெய்தால் யாருக்கு ஆதாயம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆட்டத்தைவிட இந்த முந்தின நாள் பேச்சுத்தான் சுவை என்பாரும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

ரக்பி ஆட்டத்திற்கும் இப்படி ஒரு முந்தின நாள் பேச்சு உண்டு. அதில் நம்மவர் கலந்துகொள்வது குறைவு. "அது என்ன ஆட்டம், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுகிறார்கள்" என்று சொல்லி வானொலியைத் திருப்பிவிடுகிறோம். இன்று திருப்பாதீர்கள். ஒரு பத்து நிமிடம் அந்தப் பேச்சிலே நாமும் உட்கார்ந்து பார்ப்போம்.

இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுபாங் ஜெயாவை உங்களுக்குத் தெரியும். இன்று பேரங்காடிகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்து கிடக்கும் அந்த இடம், ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். 1976இல் அங்கே வீடமைப்பு வேலை தொடங்கியது. அதன் அண்டையில் இருப்பது கிளானா ஜெயா. அங்குள்ள பெட்டாலிங் ஜெயா விளையாட்டரங்கத்திலேதான் 1998 செப்டம்பரில் காமன்வெல்த் விளையாட்டுகளின் ரக்பிப் போட்டி நடந்தது. காமன்வெல்த் விளையாட்டுகள் ஆசியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. அந்த விளையாட்டுகளில் ரக்பி சேர்க்கப்பட்டதும் அதுவே முதல் தடவை. உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் நம் வாசலுக்கே வந்து ஆடிவிட்டுப் போனார்கள்.

இறுதியாட்டத்துக்கு வந்த இரண்டு அணிகள் நியூசிலாந்தும் பிஜியும். தீராத போட்டி உடையவை. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் எப்படி வாதாடியிருப்பார்கள் என்பதை நாம் எளிதாக ஊகிக்கலாம்.

நியூசிலாந்துக் கட்சி ஜோனா லோமுவைச் சொல்லும். ஆறடிக்கும் மேல் உயரம், யானைக்கன்று போன்ற உடல், ஆனால் ஓட்டமோ குதிரை ஓட்டம். 1995 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தனியொருவராக நான்கு முறை கோட்டைத் தாண்டியவர். இதற்குப் பிஜிக் கட்சி, "அவர் சிறுநீரக நோயில் கிடந்து எழுந்து வந்தவர் ஆயிற்றே, பழைய வேகம் இருக்குமா?" என்று கேட்கும். பிறகு தன் பங்குக்கு வைசாலே செரவியைச் சொல்லும். செரவி சிறிய உருவம். கையில் பந்து இருக்கிறதா, இல்லையா என்று எதிரி யோசித்து முடிப்பதற்குள் பந்து வேறொருவரிடம் போயிருக்கும். 1997இல் ஹாங்காங்கில் நடந்த எழுவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 24-21 என்று வென்றது பிஜி. "கிண்ணம் யார் கையில் இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று அந்தக் கட்சி வாயை அடைக்கும்.

இந்த வாதம் விளங்க வேண்டுமானால் ஆட்டம் கொஞ்சம் விளங்க வேண்டும். நமக்கு அது சுலபம்; நாம் சடுகுடு ஆடினவர்கள். சடுகுடுவில் பாடிவருகிறவனைத்தானே பிடிக்கிறோம்? அதுபோல ரக்பியில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவரை மட்டுமே பிடித்து வீழ்த்தலாம். தோளுக்கு மேலே கழுத்தையோ தலையையோ பிடித்தால் குற்றம். விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது. பக்கத்திலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் கொடுக்கலாம். முன்னே போவதற்காகப் பின்னே கொடுப்பது! முதலில் பார்ப்பவருக்கு இதுதான் வேடிக்கையாக இருக்கும். பந்தோ முட்டை வடிவம். தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது.

எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் அதற்கு டிரை என்று பெயர், 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைக்கு மேலாக உதைத்துவிட்டால் இன்னும் 2 புள்ளி. டிரை என்றால் முயற்சி. பழைய நாளில் கோட்டைத் தாண்டி வைத்ததற்குப் புள்ளியே கிடையாது. கம்பத்தை நோக்கி உதைத்துப் பார்க்கும் முயற்சிக்கு உரிமை மட்டுமே கிடைக்கும். அந்தப் பெயர்தான் இன்றும் நிற்கிறது.

முழு ஆட்டத்தில் பக்கத்துக்கு 15 பேர். பாதிக்கு 40 நிமிடம். கிளானா ஜெயாவில் நடந்தது எழுவர் ஆட்டம். திடல் அதே அளவு, ஆட்களோ பாதிக்கும் குறைவு. ஒரு லயத்துக்கு உரிய இடத்தில் ஒரு குடும்பம் குடியிருப்பது போல. நேரமும் வழக்கமாகப் பாதிக்கு 7 நிமிடந்தான். ஓட இடம் நிறைய இருப்பதால் ஒருவர் தவறினாலும் எதிரி கோடு வரைக்கும் போய்விடுவான்.

முந்தின நாள் பேச்சில் தேர்ந்த இரசிகர்கள் சொல்லும் ஒரு நுட்பம் இங்கேதான் வருகிறது. பதினைவர் ஆட்டத்தில் புள்ளி கொடுத்த அணி பந்தை உதைத்துத் தொடங்கும். எழுவர் ஆட்டத்தில் புள்ளி எடுத்த அணியே உதைக்க வேண்டும். பந்து எதிரிக்குப் போகிறது. ஆனால் உயரே வரும் அந்தப் பந்தை எம்பிப் பிடிக்கிற நெட்டை ஆள் உதைத்த அணியில் இருந்தால், எடுத்த புள்ளிக்கு மேலே பந்தும் மறுபடி அவர்களுக்கே. ஆகவே "யார் வேகமாக ஓடுவார்?" என்று கேட்பவர் புதிய இரசிகர், "தொடக்க உதையை யார் பிடிப்பார்?" என்று கேட்பவர் பழைய இரசிகர். மஞ்சள் அட்டையும் அப்படியே. அட்டை வாங்கியவர் 2 நிமிடம் வெளியே நிற்க வேண்டும். 14 நிமிட ஆட்டத்தில் அது சின்ன நேரமா? பிறகு மழை. பந்து நனைந்தால் கைக்கு அடங்காது. கைமாற்றி ஆடும் பிஜிக்குத் தொல்லை, இடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஆதாயம் என்று பேசிக்கொள்வார்கள்.

செப்டம்பர் 14ஆம் நாள் இறுதியாட்டம் நடந்தது. நியூசிலாந்து 21, பிஜி 12. வித்தியாசம் 9 புள்ளி. டிரையும் உதையும் சேர்ந்தாலே 7தான். ஆகவே பிஜி இரண்டு முறை புள்ளி எடுத்திருந்தால்தான் தப்பியிருக்கும். அதன்பின் காமன்வெல்த் தங்கத்தை நியூசிலாந்து 2002, 2006, 2010, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. பிஜிக்கு அந்தத் தங்கம் இதுவரை கைகூடவில்லை. ஆனால் 2016இல் ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி சேர்க்கப்பட்டதும் முதல் தங்கம் பிஜிக்கே போயிற்று. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நியூசிலாந்தையே 27-12 என்று வென்றது. ஒரு கட்சி காமன்வெல்த் என்கும், மற்றது ஒலிம்பிக் என்கும். வாதம் எப்படி முடியும்?

பிஜி என்றதும் உங்களில் பெரியவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். நம் முன்னோர் பால்மரக் காட்டுக்கு வந்ததுபோல, அங்கே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனார்கள். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் நாலில் ஒருவர் 1903க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும். அப்படியிருக்க, பிஜியின் ரக்பி அணியில் நம்மவர் முகத்தைத் தேடினால் காண்பது மிக அரிது. ரக்பியை அந்நாட்டுப் பூர்வகுடி மக்கள் தங்கள் ஊர் ஆட்டமாக்கிக் கொண்டார்கள். கரும்புத் தோட்டத்து இந்தியர்களோ காற்பந்தை எடுத்துக்கொண்டு, 1938இல் தங்களுக்கென்று ஒரு காற்பந்துச் சங்கமே அமைத்தார்கள். ஒரே தீவு, இரண்டு திடல்.

இங்கே நம் கதையும் ஏறத்தாழ அதுவே. அதற்கு ஒரு கப்பல் சாட்சி சொல்லும்.

1912இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம், பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பல் கட்டித்தர முன்வந்தது. செலவு ஏறத்தாழ 30 லட்சம் பவுன். அந்தப் பணம் மண்ணிலிருந்து வந்தது. ஈயம் தோண்டியவர் யார், மரம் சீவியவர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'மலாயா' என்று பெயர் சூட்டப்பட்ட அக்கப்பல், 1916 மே 31இல் ஜட்லாந்துக் கடற்போரில் குண்டடிபட்டு, பல மாலுமிகளை இழந்து மீண்டது. 1921இல் அது மலாயாவுக்கு வருகை தந்தபோது, உபசரிப்புக்கு நன்றியாகக் கப்பல்காரர்கள் இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு.

காற்பந்துக் கிண்ணத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 1921இல் முதல் இறுதியாட்டம் கோலாலம்பூரில் நடந்தது. சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. 1967இல் அதுவே மலேசியக் கிண்ணம் ஆயிற்று. சிலாங்கூர் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் தோட்டத்துப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரக்பிக் கிண்ணப் போட்டி 1922இல் தொடங்கியது. அது துரைமார் கிளப்புத் திடலிலும், போலீஸ், இராணுவத் திடல்களிலும், பெரிய ஆங்கிலப் பள்ளிகளிலும் வளர்ந்தது. ஒரே கப்பல் தந்த இரண்டு கிண்ணங்களில் ஒன்று லயத்து வாசல் வரை வந்தது. மற்றொன்று வேலிக்கு அப்பால் நின்றது. காற்பந்துக்கு ஒரு பந்தும் கொஞ்சம் வெறுந்தரையும் போதும். ரக்பிக்குப் புல்தரை வேண்டும், கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டும் கிடைக்கவில்லை. உடலில் பலமில்லை, மனத்தில் துணிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாள் முழுதும் செம்பனைக் குலை சுமக்கிறவர்களிடமா பலத்தைப் பற்றிப் பேசுவது?

பெட்டாலிங் ஜெயாவில் கோப்ரா என்று ஒரு ரக்பிக் கழகம் உண்டு. நாகப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். பல பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடி அமைத்த சங்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பக்கத்துக்குப் பத்துப் பேர் ஆடும் ரக்பியை 1967இல் தொடங்கிவைத்தவர்கள் அவர்களே. அந்தப் பதின்மர் ஆட்டம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உலகத்துக்கு நம் நாடு கொடுத்த ஆட்ட வகை ஒன்று, சுபாங் ஜெயாவுக்குப் பக்கத்திலேயே பிறந்திருக்கிறது. ஆனால் அந்தச் சங்கத்தின் பெயரைப் பாருங்கள்: பழைய மாணவர்கள்! எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதுதான் நுழைவாயில்.

இன்றைக்குத் தோட்டங்கள் வீடமைப்பாக மாறி, நம் குடும்பங்கள் பூச்சோங்கிலும் கிள்ளானிலும் சுபாங் ஜெயாவிலும் குடியேறியிருக்கின்றன. பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். ஒருநாள் உங்கள் பையன் வந்து, "அம்மா, வாத்தியார் ரக்பிக்கு வரச் சொல்கிறார்" என்பான். பெண்ணும் சொல்லலாம், 2018இல் காமன்வெல்த்தில் பெண்கள் ரக்பியும் சேர்க்கப்பட்டது. உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். உடனே சரி என்றும் சொல்லாதீர்கள். பள்ளிக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். விழுவதற்கும் பிடிப்பதற்கும் முறையாகப் பழக்குகிற ஆசிரியர் இருக்கிறாரா? பல்லுக்குக் காப்பு அணியச் செய்கிறார்களா? தலையில் அடிபட்டால் என்ன செய்கிறார்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கி விழவில்லை என்பதற்காக நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. தலைவலி, வாந்தி, கண் மங்கல், கேட்டதற்குப் பொருந்தாத பதில், தள்ளாட்டம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், சந்தேகமாக இருந்தாலும்கூட, அன்றைக்கு மறுபடி திடலில் இறக்கவே கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஆட்டம் கிடையாது. முன்பெல்லாம் முகத்தில் தண்ணீர் தெளித்து மீண்டும் அனுப்புவார்கள். அது வீரம் என்று நினைத்த காலம். இப்போது உலகெங்கும் சட்டத்தை இறுக்கி வருகிறார்கள். இங்கிலாந்தில் 2023 முதல் சாதாரணக் கழக ஆட்டங்களில் நெஞ்செலும்புக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லுகிற ஆசிரியரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

அடுத்த முறை உங்கள் பக்கத்தில் ரக்பி ஆட்டம் என்று கேள்விப்பட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். திடலின் நடுவில் இடம் தேட வேண்டாம். அங்கே முதுகுகள்தான் தெரியும். கோட்டின் மூலையில் கொடி நட்டிருக்கும் இடத்துக்கு அருகே உட்காருங்கள். எழுவர் ஆட்டத்தில் பல டிரைகள் அந்த ஓரமாகத்தான் ஓடிவரும். போவதற்கு முந்தின நாள் மாலை, தொடக்க உதையை யார் பிடிப்பார் என்று கடைத்தெருவில் ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். குடையை மறந்துவிடாதீர்கள்.