முள்ளில் கட்டிய பூச்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிறுசேரியில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன், மென்பொருளைப் பத்தித்தான் பேசுவான்னு நினைச்சிருப்பீங்க. நான் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், படிப்புக்கும் வந்துவிடுவேன்.

ஏரிக்கரையில் பையன்கள் தூண்டில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்புழு, தக்கை, நரம்பு, அவ்வளவுதான். இன்னொரு முறை உண்டு. முள்ளில் நூலும் இறகும் சுற்றி, பூச்சி போலச் செய்து நீரில் விடுவது. இதை ‘ஃப்ளை’ என்பார்கள். மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்பவர் எழுதி வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் இந்த வித்தைக்கு இடம் நீலகிரி. அங்குள்ள டிரவுட் மீன் நம் மண்ணுக்குரியது அல்ல. எச்.சி. வில்சன் என்ற ஆங்கிலேயர் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, மலை ஓடைகளில் அதைப் பெருக்கினார். பதிலுக்கு நம் காட்டுக்கோழியின் கழுத்து இறகு இங்கிலாந்துக்குப் போய் முள்ளில் ஏறியது! இன்று அந்தப் பறவையை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம்.

சரி, எந்தப் பூச்சியைக் கட்டுவது? பெட்டியைத் திறக்கும் முன் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மேஃப்ளை என்ற பூச்சி இளம் பருவத்தில் கல்லடியில் வாழும். பிறகு மேலே வந்து சிறகு விரிக்கும். முட்டையிட்டு நீரிலேயே விழுந்து சாகும். பூச்சி ஒன்றுதான், வேஷம் மூன்று. மீன் அப்போது எதைத் தின்கிறதோ அந்த வேஷம்தான் வேண்டும். முதலில் அளவு, அடுத்து உருவம், கடைசியில்தான் நிறம். மீன் கீழிருந்து பார்க்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே அதற்குத் தெரிவது பெரும்பாலும் நிழலுருவம்தான்.

பூச்சியை அச்சு அசலாக, மிதக்கும்படி கட்ட வேண்டும் என்றார் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்ட். நீருக்கடியிலும் மீன் தின்கிறதே என்று 1910இல் நூல் எழுதினார் ஸ்கூஸ். 1922இல் அமெரிக்காவில் பிறந்த ‘ஆடம்ஸ்’ எந்த ஒரு பூச்சிக்கும் அச்சு அசல் இல்லை. பல பூச்சிகளின் சாயல் அதில் உண்டு. இன்றும் மீன் அதைக் கடிக்கிறது!

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஒன்று முக்கியம். நரம்பு இழுத்து, பூச்சி நீரோட்டத்துக்கு மாறாக நகர்ந்தால் மீன் விலகிப் போய்விடும். ஓட்டத்தோடு போக நரம்பைத் தளர்த்திவிட வேண்டும்.

தம்பிகளா, நாம வேலையில செய்யற ‘மாடல்’ எல்லாம் இதே கதைதான். எல்லாத்தையும் காப்பியடிக்க வேண்டாம். பயன்படுத்துகிறவன் கண்ணுக்கு எது முக்கியமோ அதைச் சரியாகச் செய்தால் போதும். அது எது என்று மேசையில் உட்கார்ந்தால் தெரியாது. இறங்கிக் கல்லைப் புரட்டணும்.

இன்னொரு விஷயம். மேஃப்ளை குஞ்சுகளில் பல வகைக்கு நல்ல காற்றோட்டமுள்ள நீர் வேண்டும். சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போவது அவைதான். மிஞ்சுவது சேற்றில் நெளியும் சிவப்புப் புழு. பூச்சியைப் பார்த்தே தண்ணீரின் நலத்தைச் சொல்லிவிடலாம். விலை உயர்ந்த கருவி வேண்டாம்.

நம்ம பக்கத்து ஏரிகளைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. விலங்கியல், வேதியியல் மாணவர்கள் சேர்ந்து, ஆண்டுக்கு இருமுறை ஓர் ஏரியில் ஒரு வலை நீரை அள்ளி, என்னென்ன பூச்சி இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். வலைக்கும் நோட்டுக்கும் ஆகிற செலவு என்னுடையது. பத்து வருடம் கழித்து, அந்த ஏரிக்காக வாதாட அந்த நோட்டு ஒன்றே போதும்.