முளைவிட்ட தானியமும் முற்றத்துக் கோழியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் கோழித் தீனியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். பள்ளி திறக்கும் நாளில் நோட்டுக்கும் பேனாவுக்கும் நம் தாய்மார்கள் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துத் தரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு பங்கு முட்டை விற்ற பணம், சேவல் விற்ற பணம். எவர் வாசலிலும் கைகட்டி நின்று பெறாத பணம் அது.

நமக்கு நிலம் எவ்வளவு என்பதை நாம் அறிவோம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமன்கீர் அளித்த அறிக்கையின் பயனாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. அவற்றை மீட்கும் முயற்சி தொடர்ந்து நடைபெறட்டும். ஆனால், காணி நிலம் இல்லாத வீட்டுக்கும் புழக்கடை என்று ஒன்று உண்டு. அதில் பத்துக் கோழிகள் மேயலாம். அந்தப் பத்துக் கோழிகளின் வருவாயைக் கடைத் தீவனம் தின்றுவிடாமல் காப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டை வரை இடும். பண்ணைக்கோழியோ முந்நூறு இடும். பண்ணைக்கு உரிய தீவனத்தை மூட்டையாக வாங்கி நாட்டுக்கோழிக்குக் கொட்டினால் கணக்கு கட்டாது. நம் கோழி புழு, பூச்சி, கீரை, சிந்திய தானியம் ஆகியவற்றைத் தானே தேடித் தின்னும். குறைவதை மட்டுமே நாம் நிரப்ப வேண்டும். அதற்கு ஏற்ற எளிய வழி, தானியத்தை முளைகட்டிக் கொடுப்பது.

முளைவிடும்போது தானியத்துள் நடப்பது என்ன? உறங்கிக் கிடக்கும் விதை நீர் பட்டதும் விழிக்கிறது. அதிலுள்ள நொதிகள் மாவுப் பொருளைச் சர்க்கரையாகவும், புரதத்தை எளிதில் செரிக்கும் கூறுகளாகவும் மாற்றத் தொடங்குகின்றன. தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ் சத்தைக் கோழியின் குடல் தானாகப் பிரித்தெடுக்க வல்லதன்று. முளைப்பு அந்தப் பூட்டை ஓரளவு திறந்துவிடுகிறது. ரிபோபிளேவின் என்னும் பி வைட்டமினும் கூடுகிறது. அது குறைந்தால் குஞ்சுகளின் கால்விரல்கள் உட்புறமாக மடங்கிவிடும்.

ஆயினும் ஒன்றில் ஏமாறக்கூடாது. ஒரு கிலோ கம்பு முளைவிட்டபின் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை காட்டும். கூடியது தண்ணீரே. விதை உயிர்த்து மூச்சுவிடுவதால் உலர்ந்த சத்தின் மொத்தம் சற்றுக் குறையவே செய்யும். ஆகவே முளைகட்டுவது தீனியைப் பெருக்கும் மாயம் அன்று. இருக்கும் தீனியின் தரத்தை உயர்த்தும் வழி. எடையைக் கண்டு தானியத்தைப் பாதியாகக் குறைத்தால் கோழிதான் மெலியும்.

செய்முறை எளிது. கம்பு, கேழ்வரகு, பச்சைப்பயறு ஆகியவை ஏற்றவை. கல், தூசி நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். காலையும் மாலையும் நல்ல நீரில் அலசி வடிக்க வேண்டும். இரண்டாம் நாளில் முளை எட்டிப் பார்க்கும், அப்போதே கொடுத்துவிடலாம். ஒரு பாத்திரத்தில் ஊறல், ஒரு துணியில் முளை, ஒரு தட்டில் தீனி என்று முறை வைத்துக்கொண்டால் நாள்தோறும் தடையின்றிக் கிடைக்கும். பத்துக் கோழிகளுக்கு உலர்ந்த தானியம் சுமார் 300 கிராம் போதும். மாலையில் கொடுத்தால் கோழிகள் தாமே கூடு திரும்பப் பழகும். முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சல் தூளும் வேண்டும். தானியத்தில் சுண்ணாம்புச் சத்து போதாது.

விலக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சோள முளை. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு துடித்து மடிவதை நம் ஊர்களில் கண்டிருக்கிறோம். அதே நஞ்சு சோளத்தின் முளையிலும் உண்டு. இரண்டாவது, விதைப்பதற்கென்று மருந்து கலந்து நிறமூட்டி விற்கும் விதை. அது விலை மலிவாகக் கிடைத்தாலும் கோழிக்கு ஆகாது. மூன்றாவது, பூஞ்சை பிடித்த தானியம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூஞ்சை படிந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் இருந்த நஞ்சே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. முளைத் துணியில் புளித்த வாடையோ, பிசுபிசுப்போ, பஞ்சு போன்ற படலமோ கண்டால் எருக்குழியில் கொட்டுங்கள். ஒரு பிடி தானியத்துக்கு இரங்கி ஒரு கூட்டையே இழக்க வேண்டாம்.

நல்ல தீனி நோயைத் தடுத்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் புழக்கடை வெறுமையாகும். அதற்குத் தடுப்பூசி ஒன்றே காவல். கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டு, தெருவே ஒன்றுகூடிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வீடு தவறினாலும் அந்த வீட்டின் வழியே நோய் நுழையும்.

இளைஞர் தோழர்களே, இவற்றில் பலவற்றை நம் பாட்டிமார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஏன், எதனால் என்று விளக்கும் அறிவியலை நீங்கள் பள்ளியில் கற்கிறீர்கள். இவ்விரண்டும் ஒரே வீட்டில் சந்திக்க வேண்டும். எந்தத் தானியம், எத்தனை நாள், எத்தனை முட்டை என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து உங்கள் தாய்க்குப் படித்துக் காட்டுங்கள். எழுத்தறிவு வீட்டுக்குப் பயன்படும் முதல் இடம் அதுவாகவே இருக்கட்டும்.

கோழி வளர்ப்பே உங்கள் தொழிலாக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிறப்பைக் காட்டித் தொழிலை நம் தலையில் கட்டிய கொடுமையை எதிர்த்தே அண்ணல் அம்பேத்கர் வாழ்நாள் முழுதும் போராடினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அவர் வழியில் வந்த நாம் பிள்ளைகளைக் கூட்டருகே நிறுத்திவைக்க விரும்பவில்லை. அவர்கள் இடையில் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் இருக்கவே அந்தக் கூடு நமக்கு வேண்டும்.

தாய்மார்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். எல்லா முட்டைகளையும் சந்தைக்கு அனுப்பிவிடாதீர்கள். படிக்கும் பிள்ளைக்கு, அது பெண்ணாயினும் ஆணாயினும், முதல் முட்டையைக் கொடுங்கள். மிஞ்சியதை விற்றுப் புத்தகம் வாங்குங்கள்.

ஜெய்பீம்.